வாசித்துக் காட்டியவள்

ஜனவரி 6, செவ்வாய்

இங்கிலீஷ் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். யாராவது முன்பக்கம் புரட்டினால் கிராமர் மட்டும்தான் தெரியும். அப்பா தூங்கிவிட்டார். டியூப்லைட் போட்டால் விழித்துக்கொள்வார். சாமி படத்துக்கு மேலே எரியும் சிவப்பு பல்புக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கனியக்காவின் வலது கை மில் மிஷினில் மாட்டிக்கொண்டது. மூன்று விரல் நசுங்கிவிட்டது. மில்காரர்களே மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அம்மா சனிக்கிழமையே அங்கே போய்விட்டாள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்.

இன்று சாயங்காலம் மில் சூப்பர்வைசர் ஞானசேகர் வந்தார். ஒரு காகிதம் கொண்டுவந்தார். காகிதம் வாசிக்கப்பட்டது. கையெழுத்து போடப்பட்டது. கலர் சோடா வாங்கிக் கொடுக்கப்பட்டது. அவர் போய்விட்டார்.

நாளை குழாயில் தண்ணீர் வரும் நாள். நாலு மணிக்கு எழ வேண்டும்.

ஜனவரி 7

பத்துக் குடம் பிடித்தேன். சோறு வடித்தேன். அப்பாவின் லோடுமேன் சட்டையைத் துவைத்தேன். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை.

நேற்று எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். காகிதத்தை யார் வாசித்தது என்று எழுதாமல் விட்டிருக்கிறேன். நான்தான் வாசித்தேன்.

எங்கள் தெருவில் இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். மாத்திரை அட்டை, பேங்க் மெசேஜ், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் எல்லாம். ஆறாம் வகுப்பிலிருந்து இப்படித்தான். எங்கும் நிற்காமல் கடகடவென்று வாசிப்பேன். அது எனக்கு நன்றாக வரும். பிறகு தெரிந்த இரண்டு மூன்று வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு மீதியை நானே சேர்த்துத் தமிழில் சொல்வேன். இதுவரை யாரும் திரும்பி வந்து தப்பு என்று சொன்னதில்லை.

நேற்று சூப்பர்வைசர், "அண்ணாச்சி, இது ஆஸ்பத்திரி பேப்பர். சும்மா ஒரு கையெழுத்து. நான் உடனே போகணும்" என்றார்.

"இருங்க சார். எம் மக பத்தாப்பு படிக்கா. அவ வாசிச்சுச் சொல்லட்டும், பெறவு போடுதேன்" என்றார் அப்பா.

சூப்பர்வைசர் முகம் சற்று மாறியது. காகிதத்தை என்னிடம் தர யோசித்தார், பிறகு தந்தார். பக்கத்து வீட்டுச் செண்பகம் சித்தி வாசலில் வந்து நின்றாள். முதலில் மனதுக்குள் ஒரு தடவை வாசித்தேன். பிறகு சத்தமாக வாசித்தேன். எங்கும் தடுக்கவில்லை.

"யாத்தே, என்னா இங்கிலீஷு! டிவிக்காரி தோத்தா" என்றாள் சித்தி.

"என்ன போட்ருக்கு தாயி?" என்றார் அப்பா.

எக்ஸ்பென்சஸ் என்றால் செலவு. மேனேஜ்மென்ட் தெரியும். ஃபேமிலி தெரியும். சொன்னேன்: "அக்கா ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் மில் மேனேஜ்மென்ட்டே பாத்துக்கிடும், நம்ம குடும்பத்துக்கு ஒரு கவலையும் வேண்டாம்னு போட்ருக்குப்பா."

சூப்பர்வைசர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்படியே சொல்லிட்டியேம்மா. நல்லாப் படி. பத்தாவது முடிச்சிட்டு நீயும் மில்லுக்கு வந்துடு. ஆபீஸ்லயே உட்கார வைக்கச் சொல்றேன்."

அந்தச் சிரிப்புதான் தூங்க விடவில்லை.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அரையாண்டில் இங்கிலீஷில் முப்பத்தெட்டு. அதுவும் கட்டுரையையும் கடிதத்தையும் கமா, புல்ஸ்டாப்போடு மனப்பாடமாக எழுதியதால் வந்தது. எதற்கும் அர்த்தம் தெரியாது. "இங்கிலீஷ் வரலன்னா அக்காகூட மில்லுக்குப் போயிரு, எதுக்கு வீணா" என்று அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார்.

ஜனவரி 8

செண்பகம் சித்தி வயிற்று ஸ்கேன் காகிதம் கொண்டுவந்தாள். நார்மல் என்ற வார்த்தை நான்கு இடத்தில் இருந்தது. எல்லாம் நார்மல் என்று சொன்னேன். எனக்கு ஒரு முறுக்குப் பொட்டலம் கொடுத்தாள். தின்னவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

எஸ்தர் டீச்சர் ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ் ஆரம்பித்தார். தமிழில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று போர்டில் எழுதினார்.

ரூபாவதி எழுந்தாள். "டீச்சர், எங்க தெருவுல செய்வினை எடுக்க ஒரு ஆளு இருக்காரு. எலுமிச்சம்பழம் மட்டும் கொண்டுபோனாப் போதும்."

வகுப்பே சிரித்தது. "ஒனக்கு நானே எடுக்கேன், முன்னாடி வா" என்றார் டீச்சர்.

பூனை பாலைக் குடித்தது. பால் பூனையால் குடிக்கப்பட்டது. செய்த ஆளைப் பின்னால் தள்ளி, ஆளுக்கு முன்னால் 'பை' (by) என்ற வார்த்தையைப் போட வேண்டும். "ஆள் யாருன்னு தெரியலன்னாலும் சரி, சொல்ல வேண்டாம்னு நெனச்சாலும் சரி, பையோட சேத்து ஆளையும் விட்ரலாம்" என்றார். "பால் குடிக்கப்பட்டது. அவ்வளவுதான். பூனை தப்பிச்சிருச்சு."

பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு உறுதியாக வருமாம். எல்லாரும் ஆளுக்கு ஐந்து வாக்கியம் சொந்தமாகக் கொண்டுவர வேண்டுமாம்.

ஜனவரி 11, ஞாயிறு

மதுரைக்குப் போனோம். அக்காவின் கையில் தலையணை அளவு கட்டு. முகம் சிறுத்துப்போயிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எங்களுக்கும் சேர்த்து இட்லி கொடுத்தார்கள்.

அம்மா டாக்டர் சொன்னதைச் சொன்னாள். இந்த மாதத்துக்குள் இன்னொரு ஆப்பரேஷன் செய்தால்தான் விரல் மடங்குமாம். நாள் தள்ளினால் நரம்பு செத்து அப்படியே விறைத்துவிடுமாம்.

"எப்பிடிக்கா மாட்டுச்சு?" என்று கேட்டேன்.

"பஞ்சு அடைச்சுக்கிட்டுது. அத எடுக்கப் போனேன். மிஷினுக்கு மேல ஒரு மூடி உண்டு. அது இருந்தா கை உள்ள போவாது. தீபாவளிக்கு முன்னாடியே மிஷின் ரிப்பேர் பாக்க பிட்டரைக் கூட்டியாந்து அதக் கழட்டிப் போட்டுட்டாரு சூப்பர்வைசர். மூடியத் தொறந்து தொறந்து எடுத்தா நேரமாவுதாம்."

அப்பா பற்களைக் கடித்தார். அக்கா இடது கையால் என் பின்னலை இழுத்தாள்.

"மில்லுல கூட வேல பாக்க பிள்ளைய எல்லாம், காகிதத்துல எதும் கையெழுத்துப் போட்றாதீங்கன்னு சொல்லிவிட்டாளுவ. நான் சொன்னேன், எந் தங்கச்சி வரி வரியா வாசிச்ச பெறவுதான் அப்பா போட்ருக்காங்க, நீங்க பயந்து சாவுங்கட்டின்னு."

அம்மா சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வாரம் ஆயிற்றாம். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஜனவரி 15

பொங்கல் வைக்கவில்லை.

ஜனவரி 19

காகிதம் எங்களிடம் இல்லை. ஆனால் என் தலையில் இருக்கிறது. மனதுக்குள் ஒரு தடவை, சத்தமாக ஒரு தடவை. எனக்கு அது போதும். பாடத்தைப் போலவே பதிந்துவிட்டது, சத்தம் மட்டும். இன்று அந்தச் சத்தத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கிறேன்.

தி கவர் ஆஃப் தி மிஷின் வாஸ் ரிமூவ்டு பை தி வொர்க்கர் ஹெர்செல்ஃப்.

ஷி ஹேட் பீன் வார்ன்டு பை தி சூப்பர்வைசர்.

ஆல் எக்ஸ்பென்சஸ் ஹேவ் பீன் மெட் பை தி மேனேஜ்மென்ட்.

நத்திங் ஃபர்தர் வில் பி க்ளைம்டு பை தி ஃபேமிலி.

எல்லாவற்றிலும் பை இருக்கிறது. பூனை எங்கே, பால் எது என்று பார்க்க வேண்டும். ஹெர்செல்ஃப் என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

இவற்றுக்குக் கீழே பேனாவால் எழுதிய ஐந்தாவது வரி ஒன்று உண்டு. அதை இன்று எழுதமாட்டேன்.

ஜனவரி 20

ரேஷனில் அரிசி வாங்கினேன். டிக்‌ஷனரி எங்கள் வகுப்பில் கௌசல்யாவிடம்தான் இருக்கிறது. கேட்டால் எதற்கு என்பாள். கேட்கவில்லை.

சொந்த வாக்கியம் கேட்டிருக்கிறாரே டீச்சர், அந்த நான்கையும் வீட்டுப்பாடமாக எழுதிவிட்டேன். ஐந்தாவதுக்குப் பூனையையே போட்டேன்.

ஜனவரி 21, புதன்

டீச்சர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "எந்த கைடுல எடுத்தட்டி? கொஸ்டின் பேப்பர் மாதிரியே இருக்கே" என்று சந்தோஷப்பட்டார். நான்கையும் போர்டில் எழுதினார். என்னை எழுப்பி நிறுத்தி எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

"ரூபாவதி, முதல் வாக்கியத்த ஆக்டிவ்ல மாத்து."

"தி வொர்க்கர் ஹெர்செல்ஃப் ரிமூவ்டு தி கவர்."

"அர்த்தம்?"

ரூபாவதி விழித்தாள். டீச்சரே சொன்னார். "மிஷின் மூடிய அந்த வேலைக்காரப் பொண்ணே கழட்டிட்டா."

"கொழுப்பெடுத்தவ டீச்சர்" என்றாள் ரூபாவதி. எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிச்சது போதும். எல்லாரும் மூணு தடவ சொல்லுங்க."

நாற்பத்திரண்டு பேர் சொன்னார்கள். அவளே கழற்றினாள், அவளே கழற்றினாள், அவளே கழற்றினாள். நானும் வாயை அசைத்தேன். அசைக்காவிட்டால் டீச்சர் என்னைப் பார்ப்பார்.

இரண்டாவது: சூப்பர்வைசர் அவளை முன்பே எச்சரித்திருந்தார். மூன்றாவது: செலவையெல்லாம் நிர்வாகம் கொடுத்து முடித்துவிட்டது. "பாத்துக்கிடும் இல்லட்டி, குடுத்து முடிச்சாச்சு. வித்தியாசம் தெரியுதா?" என்று டீச்சர் வேறு யாரிடமோ கேட்டார். நான்காவது: குடும்பம் இனிமேல் எதுவும் கேட்காது.

வகுப்பில் நான்கையும் நான் ஆக்டிவில் சரியாக மாற்றி எழுதினேன். நான்குக்கு நான்கு போட்டு, வெரி குட் என்று எழுதி, ஒரு நட்சத்திரமும் வரைந்திருக்கிறார். சிவப்பு மை. இந்த பல்பு வெளிச்சத்தில் அது தெரியவே இல்லை. விரலால் தடவினால் மட்டும் பேனா அழுத்திய பள்ளம் தட்டுப்படுகிறது.

ஜனவரி 22, வியாழன்

காலையில் அம்மா போன் செய்தாள். மில்லிலிருந்து இனிமேல் செலவுக்குப் பொறுப்பில்லை என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார்களாம். சனிக்கிழமை அக்காவை வெளியே அனுப்பப்போகிறார்களாம். ஆப்பரேஷன் இல்லை.

அப்பா ஸ்பீக்கரில் போட்டு சூப்பர்வைசரிடம் பேசினார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"என்ன சார், எல்லாத்தையும் பாத்துக்கிடுவோம்னு எழுதிக் குடுத்துட்டு இப்ப இப்பிடிப் பண்ணுதீங்க?"

"எழுதினதுல என்ன இருக்குன்னு உங்க மகளைக் கேளுங்க அண்ணாச்சி. அவதானே வாசிச்சா? வாசிச்சு விளக்கிச் சொன்னேன்னு கீழ அவளே கையெழுத்தும் போட்டிருக்காளே."

அப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ போட்டியா?"

ஐந்தாவது வரி இதுதான். அன்று அப்பா கலர் வாங்கக் கடைக்குப் போனார். சித்தியும் உலை கொதிக்கிறது என்று போய்விட்டாள். சூப்பர்வைசர் தன் பேனாவை எடுத்துக் கடைசியில் ஒரு வரி எழுதினார். தி கன்டென்ட்ஸ் வேர் எக்ஸ்ப்ளெயின்டு இன் தமிழ் பை ஹிஸ் டாட்டர். "வாசிச்சவங்களும் போடணும்மா. பெரிய ஆள் ஆயிட்ட" என்றார். நான் இங்கிலீஷில் போட்டேன். ஏ. பொன்ராணி. முதல் முதலாக ஒரு காகிதத்தில் என் கையெழுத்து. எனக்குப் பெருமையாக இருந்தது. அதைத்தான் இத்தனை நாள் எழுத முடியவில்லை.

"ஆமாப்பா" என்றேன்.

"செரி, வாசிச்சதுக்குப் போட்ட. அதுல என்ன தப்பு?" அப்பா சட்டையை மாட்டினார். "எம் பிள்ள வாசிச்சதே எனக்குச் சாட்சி. சாயந்தரம் ஆள் நாலு பேரக் கூட்டிட்டு மில் வாசல்லயே போய்க் கேக்கேன். இருக்குறத இல்லங்கானா அவன்?"

வேலைக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடம் போகவில்லை. மூன்று தடவை வீட்டைக் கூட்டினேன்.

சாயங்காலம் அப்பா சாப்பிட்டதும் கிளம்புவதாக இருந்தார். மூக்கையா மாமாவும் மற்ற லோடுமேன்களும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்களாம். சோறு போட்டேன். ரசம் ஊற்றினேன். இனிமேல் ஊற்ற எதுவும் இல்லை.

"ப்பா, அதுல அப்பிடிப் போடல."

"எதுல?"

"காகிதத்துல. எனக்கு ஒண்ணும் புரியலப்பா. நானாச் சொன்னேன்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "பெறவு என்ன போட்ருக்கு?"

வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அக்காவே கழற்றினாள் என்ற வரியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடிப்பார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அடிக்கவில்லை. கையைக் கழுவினார். சோறு அப்படியே இருந்தது.

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லட்டி."

"இங்கிலீஷ் வரலன்னா மில்லுக்கு அனுப்பிருவேன்னு சொன்னீங்க."

அப்பா தட்டை எடுத்து மூடி வைத்தார். பிறகு கேட்டார். "தெருவுல எத்தன பேருக்கு இப்பிடி வாசிச்சிருக்க?"

"எல்லாருக்கும்."

"போ. மொதல்ல செண்பகத்துட்டப் போய்ச் சொல்லு."

போனேன். சித்தி மாவாட்டிக்கொண்டிருந்தாள். ஸ்கேன் காகிதம் எனக்குப் புரியவில்லை, டாக்டரிடமே காட்டுங்கள் என்றேன். கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லவேள ஒனக்கு ஊசி போடத் தெரியல. தெரிஞ்சா அதையும் போட்ருப்ப" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா மில் வாசலுக்குப் போகவில்லை. மூக்கையா மாமா, மதுரையில் தொழிலாளர் அலுவலகம் இருக்கிறது, நாளைக்கே போங்கள் என்றாராம். என்னையும் கூட்டிக்கொண்டுதான் போகப்போகிறாராம்.

ஜனவரி 23, வெள்ளி

அம்மா ராத்திரி படுத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு மேடம். கழுத்தில் கண்ணாடி தொங்கியது. அப்பா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நகல் எங்கே?" என்றார்.

"குடுக்கலம்மா."

"காகிதமும் இல்லாம எதை வச்சுப் பேசறது?"

"எனக்கு மனப்பாடம் மேடம்" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒப்பிச்சுக் காட்டு."

கையைக் கட்டிக்கொண்டு வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ஐந்தாவது வரி வந்ததும் என் பக்கம் திரும்பினார். உடனே மில்லுக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் காகிதம் படமாக அவர் போனுக்கு வந்தது. தான் எழுதியதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரு எழுத்துகூட மாறலை. உன் வயசு என்ன?"

"பதினஞ்சு."

"இந்தக் கையெழுத்து உன்னோடதா? பதினஞ்சு வயசுப் பொண்ணு விளக்கிச் சொன்னாள்னா எழுதி வாங்கியிருக்காங்க?" அப்பாவைப் பார்த்தார். மறுபடியும் என்னிடம், "அன்னைக்கு இதுக்கு அர்த்தம் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"தெரிஞ்ச மாதிரி சொன்னியா?"

"ஆமா."

"அதை எழுதிக் கொடு. தமிழ்லயே எழுது. மூடியை யார் கழட்டினாங்கன்னு உங்க அக்காகிட்டயும் எழுதி வாங்கணும்." பேனாவை நீட்டினார். "இதோட எல்லாம் முடிஞ்சிடும்னு நினைக்காதீங்க. விசாரணை வைக்கணும், மில்காரங்க வக்கீலோட வருவாங்க. ஆஸ்பத்திரிக்கு இப்பவே பேசறேன். நாளைக்கு அனுப்ப மாட்டாங்க."

எழுதினேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், புரியாது. புரிந்ததாகப் பொய் சொன்னேன். அதை நம்பி என் அப்பா கையெழுத்துப் போட்டார். அப்பா பக்கத்தில் நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்தைத் தமிழில் போட்டேன்.

அக்காவிடம் நானே சொல்ல வேண்டும் என்றார் அப்பா. சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் கழட்டலட்டி" என்று மட்டும் சொன்னாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கை மட்டும் என் பக்கம் இருந்தது.

ஜனவரி 26

வெள்ளிக்கிழமையிலிருந்து நானும் அப்பாவும் இங்கேயே இருக்கிறோம். அக்கா பேசவில்லை. நான் கொண்டுபோன கஞ்சியை அம்மா கொடுத்தால்தான் குடிக்கிறாள்.

ஜனவரி 27

விசாரணைக்குத் தேதி போட்டிருக்கிறார்கள், பிப்ரவரி 10. அதுவரை ஆஸ்பத்திரிச் செலவை நிறுத்தக்கூடாது என்று மேடம் மில்லுக்கு எழுதிவிட்டாராம். சூப்பர்வைசர் அப்பாவுக்குப் போன் செய்து, "பிள்ளைய இதுல இழுத்து விட்டுட்டீங்களே அண்ணாச்சி, கோர்ட்ல அழ வைப்பாங்க" என்றாராம். அதற்கு அப்பா சொன்ன பதில் என்ன என்று அம்மா சொல்ல மறுக்கிறாள். கெட்ட வார்த்தையாக இருக்கும்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 29, வியாழன்

நாளை காலை ஆப்பரேஷன். விரல் முழுதாக மடங்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

சாயங்காலம் நர்ஸ் ஒரு காகிதம் கொண்டுவந்தார். முழுவதும் இங்கிலீஷ். "இங்க கையெழுத்து போடுங்க. சீக்கிரம், எனக்கு ஷிப்டு முடியுது" என்றார். அப்பா பேனாவைத் திறந்தார். யாரைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

அக்கா திரும்பினாள். ஆறு நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன போட்ருக்கு? வாசி" என்றாள்.

காகிதத்தை வாங்கினேன். சத்தமாக வாசிக்கவில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் என்னையே பார்த்தார்கள். சில வரிகள் புரிந்தன. ஆப்பரேஷன் டாக்டரால் செய்யப்படும், மயக்க மருந்து கொடுக்கப்படும். நடுவில் நான்கு இடம் இருட்டாக இருந்தது.

"நாலு எடம் எனக்குத் தெரியலக்கா" என்றேன். "கேட்டுட்டு வாரேன்."

அப்பா பேனாவை மூடினார்.

"ம். போ" என்றாள் அக்கா. "ஒண்ணு விடாமக் கேளு."

டாக்டர் அறை வாசலில் பதினோரு பேர் நின்றார்கள். பன்னிரண்டாவதாக நின்றேன்.